ஊரைக் காட்டிக்கொடுக்கும் வாக்கியம்

அமெரிக்காவில் ஒரு சிறுமி கடத்தப்பட்டாள். பெற்றோருக்கு வந்த மிரட்டல் கடிதத்தைக் காவல்துறையினர் ரோஜர் ஷை என்ற மொழியியலாளரிடம் கொண்டுபோனார்கள். பத்தாயிரம் டாலரைப் பையில் போட்டு, இன்ன தெருமுனையில் உள்ள பச்சைக் குப்பைத்தொட்டியில் வைக்க வேண்டும். போலீசைக் கூட்டி வரக்கூடாது. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான். எழுத்துப் பிழைகள் கண்ணை உறுத்தின. 'சி'யில் தொடங்க வேண்டிய 'கேன்', 'காப்ஸ்' இரண்டும் 'கே'யில் தொடங்கியிருந்தன. 'டாட்டர்' என்ற சொல்லிலும் பிழை. ஆனால் அவற்றைவிடக் கடினமான சொற்கள் ஓரெழுத்துப் பிசகாமல் இருந்தன. நிறுத்தற்குறிகளும் சரியான இடங்களில் விழுந்திருந்தன.

நன்றாகப் படித்த ஒருவன் படிக்காதவன்போல் நடிக்கிறான் என்று ஷை கண்டுகொண்டார். குப்பைத்தொட்டி எங்கே இருக்கிறது என்று கடிதம் சொன்ன இடத்தில் அவர் பார்வை நின்றது. அது 'டெவில் ஸ்ட்ரிப்'பில் இருக்கிறதாம். சாத்தான் பட்டை! நடைபாதைக்கும் சாலைக்கும் நடுவே நீளும் புல்தரைக்கு அப்படி ஒரு பெயர். அதே புல்தரை இங்கிலாந்தில் 'வெர்ஜ்', ஆஸ்திரேலியாவில் 'நேச்சர் ஸ்ட்ரிப்', ஓஹையோ மாநிலத்தின் கிளீவ்லாந்தில் 'ட்ரீ லான்'. கிளீவ்லாந்திலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள அக்ரன் நகரத்தில்தான் அது சாத்தான் பட்டை. "உங்கள் சந்தேகப் பட்டியலில் அக்ரன் ஊர்க்காரர், படித்தவர், யாராவது உண்டா?" என்று ஷை கேட்டார். ஒருவர் இருந்தார். கடிதத்தை எழுதியவர் அவரே என்பது பிறகு தெரியவந்தது.

அந்த மனிதர் தன் படிப்பை மறைத்தார். தன் ஊரை மறைக்கவில்லை. மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு வந்திருக்காது. அந்தப் புல்தரைக்கு உலகம் முழுவதும் அதுதான் பெயர் என்று நினைத்திருப்பார். சிறுவயதில் அம்மா சொல்லக் கேட்ட சொல், பக்கத்து வீட்டுக்காரர் சொன்ன சொல், நகரசபை அறிவிப்பில் பார்த்த சொல். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது?

பல ஆண்டுகள் ஆங்கிலம் கற்பித்துவிட்டு, இப்போது அந்த மொழியின் ஊர்வழக்குகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். என்னை மிகவும் வியக்கவைப்பது இந்தக் கேளாமைதான். அடுத்த ஊர்க்காரர் ஆங்கிலம் நமக்குப் பிழையாகக் கேட்கிறது. சில சமயம் எரிச்சலாகவும் கேட்கிறது. நம்முடையது நமக்குக் கேட்பதே இல்லை.

இதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் துருவிப் பார்த்தால் போதும். 'தி கார் நீட்ஸ் வாஷ்ட்.' காரைக் கழுவ வேண்டும் என்று பொருள். பள்ளி இலக்கணப்படி 'நீட்ஸ் வாஷிங்' என்றோ 'நீட்ஸ் டு பி வாஷ்ட்' என்றோ சொல்ல வேண்டும். நடுவில் உள்ள 'டு பி' எங்கே போயிற்று? நியூயார்க்கிலோ லண்டனிலோ வளர்ந்தவருக்கு இந்த வாக்கியம் படிக்கட்டில் ஒரு படி இல்லாததுபோல் தட்டும். ஆனால் பென்சில்வேனியாவின் மேற்குப் பகுதியில், பிட்ஸ்பர்க் நகரத்தில், அங்கிருந்து மேற்கே ஓஹையோ, இண்டியானா வரை, இதைச் சொல்லாதவர் குறைவு. மருத்துவர் சொல்வார், ஆசிரியர் சொல்வார். அது ஊர்வழக்கு என்று யாராவது சுட்டிக்காட்டும்வரை அவர்களுக்குத் தெரியாது. சுட்டிக்காட்டினால், "வேறு எப்படிச் சொல்வது?" என்று திருப்பிக் கேட்பார்கள்.

அந்த 'டு பி' பிட்ஸ்பர்க்கில் தொலையவில்லை. கிளாஸ்கோவிலும் பெல்ஃபாஸ்ட்டிலும் இன்றைக்கும் இதே வாக்கியத்தைக் கேட்கலாம். பதினேழாம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் தாழ்நிலப் பகுதிகளிலிருந்து பெருந்திரளான மக்கள் கடல் கடந்து அயர்லாந்தின் வடக்கே அல்ஸ்டரில் குடியேற்றப்பட்டார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் குத்தகை உயர்ந்தது, விளைச்சல் பொய்த்தது, லினன் துணி வணிகம் ஆட்டங்கண்டது. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் மறுபடி கப்பலேறினார்கள். அமெரிக்க விடுதலைப் போருக்கு முன் இப்படி வந்தவர்கள் ஏறக்குறைய இரண்டு லட்சம் பேர். பலர் இறங்கிய துறைமுகம் ஃபிலடெல்ஃபியா. கடலோர நல்ல நிலங்களில் குவேக்கர்களும் ஜெர்மானியர்களும் ஏற்கெனவே வேரூன்றியிருந்தார்கள். ஆகவே இவர்கள் மலைகளைத் தாண்டி மேற்கே போனார்கள். மூன்று ஆறுகள் கூடும், கோட்டை இருந்த இடத்துக்கு 1758இல் பிட்ஸ்பர்க் என்று பெயர் வந்தது, ஊர் வளர்ந்தது. தட்டுமுட்டுச் சாமானோடு வாக்கியமும் வந்து சேர்ந்தது.

தனியாகவும் வரவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்துவதற்கு பிட்ஸ்பர்க்கில் 'ரெட் அப்' என்பார்கள், ஸ்காட்லாந்துச் சொல். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் 'நெபி'. 'நெப்' என்றால் ஸ்காட்லாந்தில் பறவையின் அலகு, மூக்கு. அதே ஊரில் ரப்பர் பேண்டுக்கு 'கம்பேண்ட்' என்று பெயர். அது ஜெர்மானியர் விட்டுப்போனது. ஒரு சமையலறை இழுப்பறையில் இத்தனை கப்பல்கள்.

இந்த வாக்கியத்தில் இன்னொரு வியப்பு உண்டு. தாமஸ் மர்ரே, பெத் லீ சைமன் முதலிய ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இதை ஆராய்ந்தார்கள். 'நீட்ஸ்' இருக்கும் இடத்தில் 'வான்ட்ஸ்' வைத்தால் என்ன ஆகும்? 'தி கேட் வான்ட்ஸ் ஃபெட்.' பூனை தனக்குத் தீனி வைக்கப்பட வேண்டும் என்கிறது. 'லைக்ஸ்' வைத்தால்? 'தி பேபி லைக்ஸ் கடில்ட்.' குழந்தைக்குத் தன்னை அணைத்துக்கொள்வது பிடிக்கும். மூன்றாவதை இயல்பாகச் சொல்பவருக்கு இரண்டாவதும் முதலாவதும் கட்டாயம் இயல்பாகவே இருக்கும். இரண்டாவதை ஏற்பவர் முதலாவதை ஏற்பார். மூன்றாவதை ஏற்க வேண்டியதில்லை. தலைகீழாக, மூன்றாவது மட்டும் பிடித்து முதலாவது பிடிக்காத ஆளைப் பார்க்க முடியாது. எந்தப் பள்ளியும் கற்றுத்தராத, எந்தப் புத்தகமும் விதிக்காத ஒழுங்கு இது. கொச்சை என்று நாம் ஒதுக்கும் பேச்சுக்குள் இப்படி ஒரு படிவரிசை யாரும் அடுக்காமலேயே அடுக்கிக் கிடக்கிறது. கற்பித்த காலத்தில் 'டு பி' விட்டுப்போன வாக்கியம் வந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன். தேர்வுத்தாளில் இன்றும் சுழிக்கத்தான் வேண்டும், ஏனெனில் தேர்வு கேட்பது பொது ஆங்கிலம். ஆனால் சுழித்த கையோடு அதைச் சோம்பல் என்று சொல்லிவிடுவது தவறு.

பிட்ஸ்பர்க்கை விட்டு நகருமுன் 'யின்ஸ்' பற்றிச் சொல்லாமல் முடியாது. எதிரே இருப்பவர் பலராக இருந்தால் அந்த ஊரில் 'யின்ஸ்' என்பார்கள். 'யூ ஒன்ஸ்' தேய்ந்து அப்படி ஆயிற்று. தமிழ் பேசும் நமக்கு இதன் தேவை சட்டென்று விளங்கும். பழைய ஆங்கிலத்தில் ஒருவருக்கு 'தௌ', பலருக்கு 'யீ', 'யூ'. பன்மையான 'யூ' மரியாதைச் சொல்லாயிற்று. மரியாதை பெருகப் பெருக 'தௌ'வைத் துரத்தியும் விட்டது. முடிவில் ஒருவருக்கும் யூ, ஒன்பது பேருக்கும் யூ. நம்மிடமும் இதே கதைதான் நடந்தது. நீர் என்பது பன்மை. அது மரியாதை ஒருமையாக இறங்கியது. பன்மைக்காகக் 'கள்' சேர்த்து நீங்கள் வந்தது. அதுவும் மரியாதைக்குப் போய்விட்டது. யாழ்ப்பாணத்தில் நீர் இன்னும் நெருக்கமான மரியாதையாகப் புழங்குகிறது. ஒரே ஒரு வேறுபாடு: நாம் 'நீ'யைக் கைவிடவில்லை. இன்றைக்குப் பெரியவர்கள் நாலுபேரைக் கூப்பிட "நீங்க எல்லாரும்" என்கிறோம். அமெரிக்கத் தென்மாநிலத்தவரின் 'யால்' அச்சாக அதே கட்டுமானம்: 'யூ ஆல்', நீங்க எல்லாரும். லிவர்பூலிலும் அயர்லாந்திலும் 'யூஸ்'. பொது ஆங்கிலம் விட்டுவிட்ட ஓட்டையை ஒவ்வோர் ஊரும் தன் கையில் கிடைத்ததைக் கொண்டு அடைத்திருக்கிறது. ஓட்டையை அப்படியே வைத்திருப்பவர்கள் அடைத்தவர்களைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள்.

கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தின் பார்பரா ஜான்ஸ்டோன் பிட்ஸ்பர்க் பேச்சைப் பல ஆண்டுகள் ஆராய்ந்து 2013இல் ஒரு நூல் வெளியிட்டார். எஃகு ஆலைகளைச் சுற்றி நெருக்கமாக வாழ்ந்த தொழிலாளர் குடும்பங்களுக்குத் தங்கள் பேச்சு ஒரு தனிப் பேச்சு என்பது தோன்றவேயில்லை. சுற்றிலும் எல்லாரும் அப்படித்தானே பேசினார்கள். 1980களில் ஆலைகள் மூடின. இளைஞர்கள் வேலை தேடி வேறு நகரங்களுக்குப் போனார்கள். அங்கே யாரோ, "நீ ஏன் இப்படிப் பேசுகிறாய்?" என்று கேட்டபோதுதான் தங்களுக்கு ஒரு பேச்சு இருப்பது அவர்களுக்குத் தெரிந்தது. இன்று 'யின்ஸ்' என்று அச்சிட்ட பனியன்களும் குவளைகளும் அந்த ஊரில் விற்கின்றன. பேசியவர்கள் குறையத் தொடங்கிய பிறகு அந்தச் சொல் பெருமையாயிற்று என்பதை நினைக்க எனக்கு மனம் கனக்கிறது.

எரிச்சல்களில் எல்லாமே இவ்வளவு சாதுவானவை அல்ல. 'ஆஸ்க்' என்பதற்கு 'ஆக்ஸ்' என்று சொல்பவர்களைப் பற்றி அமெரிக்காவில் பலர் பேசும் தொனியைக் கேட்டால் இது விளங்கும். கறுப்பின மக்கள் பலர் அப்படிச் சொல்கிறார்கள். கரீபியத் தீவுகளிலும் உண்டு. படிப்பறிவின்மை, அலட்சியம் என்று அதன்மேல் முத்திரை விழுகிறது. ஆனால் ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய ஆங்கிலத்திலேயே இந்த வினைச்சொல்லுக்கு இரண்டு வடிவங்களும் இருந்தன. கவிஞர் சாசர் 'ஆக்ஸ்' வடிவத்தைத் தாராளமாக எழுதினார். 1535இல் மைல்ஸ் கவர்டேல் அச்சிட்ட முழு பைபிளில், கேளுங்கள் கொடுக்கப்படும் என்ற இடத்தில் இருப்பதும் அந்த வடிவமே. பிற்பாடு மற்றது பொது வழக்காக வென்றது. தோற்றது ஊர்ப் பேச்சில் தங்கி, குடியேறிகளோடு கடல் கடந்து, அடிமைப்படுத்தப்பட்டவர்களின் நாவுக்கும் போயிற்று.

சொல்லுக்குள் இரண்டு ஒலிகள் இடம் மாறுவது உலக மொழிகளுக்கெல்லாம் பழகிய விஷயம். ஆங்கிலத்தின் 'பேர்ட்' முன்பு 'பிரிட்' ஆக இருந்தது. நம் ஊரில் குதிரை குருதை ஆகும். மதுரை மருதை ஆகும். தசை சதை ஆனதையும் சிவிறி விசிறி ஆனதையும் நம் இலக்கணிகள் பிழைப் பட்டியலில் சேர்க்கவில்லை. இலக்கணப்போலி என்று பெயர் கொடுத்து, சான்றோர் வழக்கில் வந்துவிட்டதால் ஏற்கத்தக்கது என்று இடம் ஒதுக்கினார்கள். எனக்கு அவர்கள்மேல் பெருமதிப்பு வந்தது, பள்ளியில் மனப்பாடம் செய்தபோது அல்ல, 'ஆக்ஸ்' கதையைப் படித்தபோது. ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். சதை ஏற்கப்பட்டது, மருதை ஏற்கப்படவில்லை. ஒலி மாறியவிதம் இரண்டிலும் ஒன்றே. சொன்ன வாய்கள் வேறு.

அந்த வாய் யாருடையது என்பதற்கு என்ன விலை? ஜான் பாவ் என்ற கறுப்பின மொழியியலாளர் சிறுவயதிலிருந்தே மூன்று விதமான ஆங்கிலம் பேசப் பழகியவர். சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் வாடகை வீட்டு விளம்பரங்களைப் பார்த்து, ஒரே வீட்டுக்காரர்களைத் தொலைபேசியில் மூன்று குரலிலும் அழைத்தார்: வெள்ளையரின் பொது ஆங்கிலம், கறுப்பினத்தவர் ஆங்கிலம், மெக்சிக வம்சாவளியினரின் ஆங்கிலம். கேட்ட கேள்வி ஒன்றே, ஆளும் ஒருவரே. வெள்ளையர் மிகுந்த பகுதிகளில் முதல் குரலுக்கு வீடு பார்க்க வரச்சொன்ன அளவு மற்ற இரண்டு குரல்களுக்கும் வரச்சொல்லவில்லை. தாமஸ் பர்னெல், வில்லியம் இட்சார்டி இருவரோடும் சேர்ந்து 1999இல் அவர் வெளியிட்ட ஆய்வு இது. அதே ஆய்வில், 'ஹலோ' என்ற ஒற்றைச் சொல்லை மட்டும் கேட்டவர்கள் பேசும் வகையை நூற்றுக்கு எழுபது முறை சரியாகச் சொன்னார்கள். ஹலோவில் இலக்கணம் என்று எதுவும் இல்லை. பிழை செய்ய இடமே இல்லாத சொல் அது.

பிழை என்று தோன்றுவதைப் 'புதுப்பிழை' என்றும் நினைத்துக்கொள்கிறோம். 'இந்தக் காலத்துப் பிள்ளைகள்' என்ற முனகல் எல்லா மொழியிலும் உண்டு. ஒரு வழக்கை நாம் அண்மையில் கவனித்தோம் என்பதற்காக அது அண்மையில்தான் பிறந்தது என்று நம்பிவிடும் இந்த மயக்கத்துக்கு, ஸ்டான்ஃபோர்டு மொழியியலாளர் அர்னால்ட் ஸ்விக்கி 2005இல் 'ரீசென்சி இல்யூஷன்' என்று பெயர் வைத்தார். அண்மை மயக்கம் என்று தமிழில் சொல்லலாம். ஜோனதன் ஸ்விஃப்ட் 1710இல் எழுதியபோது 'மாப்' என்ற சொல்லைத் தாங்கமாட்டாமல் தவித்தார். நீண்ட இலத்தீன் தொடரைக் கத்தரித்துச் செய்த சொல் என்பது அவர் குறை. இன்று கும்பலுக்கு அதைவிடச் சாதாரணமான ஆங்கிலச் சொல் இல்லை. கவிஞர் கோல்ரிட்ஜ் 1832இல் 'டேலன்டட்' என்ற சொல்லைக் கடிந்தார். இவையெல்லாம் அமெரிக்காவிலிருந்து வருகின்றன என்றார். அது இங்கிலாந்திலேயே இருந்த சொல். இன்றைய பிரிட்டிஷ்காரர் பலருக்கு 'காட்டன்' அமெரிக்க அசிங்கம், 'ஃபால்' அமெரிக்கச் சிறுபிள்ளைத்தனம். முதலாவது 'கெட்' என்பதற்கு இங்கிலாந்திலிருந்து போன பழைய வினைவடிவம். இலையுதிர் காலத்தைக் குறிக்கும் இரண்டாவதும் பதினாறாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் புழங்கியதே. புறப்பட்ட வீட்டில் மறந்துபோன பாத்திரத்தைப் போன வீட்டில் வைத்துப் புழங்கிக்கொண்டிருந்தார்கள்.

நம் ஊர் அலுவலகக் கடிதங்களின் கடைசி வரி இந்த வகையைச் சேர்ந்ததுதான். 'கைண்ட்லி டூ தி நீட்ஃபுல்.' வெளிநாட்டு நிறுவனங்களோடு வேலை பார்க்கும் இளைஞர்களுக்கு இதை எழுதாதே என்று பயிற்சி வகுப்பில் சொல்லித்தருகிறார்கள். பிரிட்டிஷ்காரருக்கு அது எரிச்சலூட்டும் இந்திய ஆங்கிலம். அவர்களுடைய முப்பாட்டன்கள் தங்கள் கடிதங்களில் எழுதிய தொடர் அது. கம்பெனி ஆட்சியின் கோப்புகளோடு இங்கே வந்து, அங்கே வழக்கொழிந்த பின்னும் இங்கே வாழ்ந்தது. ஊரில் இல்லை என்பதற்கு நாம் சொல்லும் 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' வந்ததும் அதே வழியில்தான். அதிகாரியோ படைவீரரோ நியமிக்கப்பட்டிருந்த இடம் 'ஸ்டேஷன்'. அவர் அங்கே இல்லையென்றால் அவுட் ஆஃப் ஸ்டேஷன். ரயிலும் இல்லை, காவல் நிலையமும் இல்லை. ஆட்சி போனது, இடம் போனது, தொடர் மட்டும் இருக்கிறது.

இதையெல்லாம் யாராவது உட்கார்ந்து சேகரித்திருக்க வேண்டும் அல்லவா? அமெரிக்காவில் ஃப்ரெடெரிக் காசிடி என்பவர் 1965 முதல் 1970 வரை மாணவர்களைச் சிறு வேன்களில் ஏற்றி 1,002 ஊர்களுக்கு அனுப்பினார். கையில் ஆயிரத்து அறுநூறுக்கும் மேற்பட்ட கேள்விகள். அப்படித் திரட்டியவற்றைக் கொண்டு உருவான அமெரிக்க வட்டார வழக்கு அகராதியின் முதல் தொகுதி 1985இல் வந்தது. ஐந்தாம் தொகுதி 2012இல். காசிடி 2000இலேயே இறந்துவிட்டார். அவர் கல்லறைக் கல்லில் 'ஆன் டு இசட்' என்று பொறித்திருக்கிறார்கள்: இசட் வரை போவோம்.

அவருக்கு முன்னோடி ஒருவர் இங்கிலாந்தில் இருந்தார். யார்க்‌ஷரில் 1855இல் பிறந்த ஜோசஃப் ரைட். ஆறேழு வயதில் கல்குவாரியில் கழுதை வண்டி ஓட்டினார்; உளிகளைக் கொல்லுப்பட்டறைக்கும் குவாரிக்குமாகக் கொண்டுபோகும் வேலை. பிறகு நூற்பாலை. பதினைந்து வயதுவரை எழுதப் படிக்கத் தெரியாது. பிரான்சும் பிரஷ்யாவும் போரிட்டுக்கொண்டிருந்த 1870இல், செய்தித்தாளை இன்னொருவர் படித்துச் சொல்லக் கேட்க வேண்டியிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. தானே படிக்கக் கற்றார். சேர்த்த காசோடு ஐரோப்பாவுக்குப் போய், ஆண்ட்வெர்ப்பிலிருந்து ஹைடல்பெர்க்குக்கு நடந்தே சென்று, பிற்பாடு அங்கே முனைவர் பட்டம் பெற்றார். 1901இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஒப்பியல் மொழியியல் பேராசிரியர். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதிய டோல்கீன் அவருடைய மாணவர்.

நாட்டின் மூலைமுடுக்கிலிருந்து தொண்டர்கள் எழுதியனுப்பிய துண்டுச் சீட்டுகளை வைத்து 1898க்கும் 1905க்கும் இடையே ஆறு தொகுதிகளாக ஆங்கில வட்டார வழக்கு அகராதியை ரைட் வெளியிட்டார். ஏறக்குறைய எழுபதாயிரம் சொற்கள். பால்காரர், மேய்ப்பர், சுரங்கத் தொழிலாளி வாயில் இருந்தவை. ஆனால் என்னை அதைவிட அதிகம் தொட்டது, அகராதிக்கு முன் 1892இல் அவர் வெளியிட்ட சிறு நூல். கோதிக், பழைய ஜெர்மன் போன்ற மொழிகளுக்கு இலக்கணம் எழுதும் அதே கண்டிப்போடு, ஒவ்வோர் உயிரொலியும் எங்கிருந்து வந்தது, ஒவ்வொரு வினையும் எப்படித் திரிகிறது என்று விதி விதியாக அதில் எழுதியிருக்கிறார். விண்ட்ஹில் என்ற கிராமத்துப் பேச்சின் இலக்கணம் அது. கழுதை வண்டிக்காரப் பையன் வீட்டில் பேசிய பேச்சு.